மறுப்புரைக்கு இடமில்லாத மடம்

‘நார்மல் ஆட்சியில் ஆங்கிலத் துறவு மடங்கள்: நடந்தது சீர்திருத்தமா, அடக்குமுறையா?’ என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. அடையாற்றில் ஒரு கல்லூரியின் வரலாற்று மன்றம் நடத்தவிருந்த பட்டிமன்றம் அது. நடுவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, நார்மல் ஆட்சின்னா எந்தக் கட்சி?”

அது அச்சுப்பிழை என்றும், நார்மன் என்பதே சரி என்றும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் கரையிலிருந்து கடல் கடந்து போய் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள் என்றும் விளக்கினேன்.

“அப்ப நம்ம ஆளுங்க யாரும் இதுல இல்ல. தைரியமாப் பேசலாம்” என்று சொல்லி, என்னைச் சீர்திருத்த அணியில் போட்டார்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஆறாம் வகுப்பில் முதன்முதலாக மேடையேறியவன் நான். ஒலிவாங்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் எனக்கு வாய்த்திருந்தது. எடுத்துரைப்பதில் என்னைவிடச் சிறந்தவர்கள் இருக்கலாம். மறுப்புரையில் எனக்கு நிகர் இல்லை என்று நானே அறிந்திருந்தேன். எதிரணி எத்தனை வலுவாகக் கட்டினாலும் அதில் எந்தச் செங்கல்லை உருவினால் சுவர் சரியும் என்பது என் கண்ணுக்கு மட்டும் தெரியும். குறை ஒன்றே. இந்தத் திறமை மேடையிலிருந்து இறங்கும்போது என்னோடு சேர்ந்தே இறங்கி வீட்டுக்கும் வந்துவிடும்.

வீடு என்று நான் சொல்வது மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில், மணமாகாத மூவர் சேர்ந்து குடியிருந்த இடம். ஒருவன் நான். இரண்டாமவன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நின்றவன். நாள் முழுதும் புடவை விரித்துக் காட்டிவிட்டு வந்தாலும், எங்கள் மூவருக்கும் சமைப்பவன் அவன்தான். யாரும் அவனிடம் கேட்டுக்கொண்டதில்லை, எங்கள் சமையலை ஒரு முறை தின்றுபார்த்தபின் அவனாகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு. மூன்றாமவன் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவன். அண்ணனுக்குத் திருமணமாகி வீட்டில் இடம் குறைந்ததால் எங்களோடு வந்து சேர்ந்தான். அடையாற்றில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துவது அவன் வேலை. இவர்களைப் புடவைக்காரன் என்றும் ஊசிக்காரன் என்றும் குறிப்பிடுகிறேன். என்னை அவர்கள் எப்படிக் குறிப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத இயலாது.

பட்டிமன்றத்துக்கு ஒரு மாதம் இருந்தது. நூலகத்தில் அமர்ந்து படிக்கப் படிக்க, அந்த நார்மானிய மடத் தலைவர்கள் மீது எனக்கு உண்மையாகவே மதிப்பு உண்டாயிற்று. வெற்றி பெற்ற மன்னர் பழைய மடங்களுக்குத் தம் நாட்டிலிருந்து புதிய தலைவர்களைக் கொண்டுவந்து அமர்த்துகிறார். அவர்கள் வந்து பார்க்கிறார்கள்: துறவிகள் சற்றே தளர்ந்திருக்கிறார்கள், நன்றாக உண்கிறார்கள், பெயர்கூட விளங்காத உள்ளூர்ப் புனிதர்களைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உடனே பழைய கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள். விழிக்கும் நேரம், பாடும் நேரம், உண்ணும் நேரம், வாய் திறக்கக் கூடாத நேரம் என்று முழு நாளையும் நறுக்கி வைக்கிறார்கள். மௌன வேளையில் உப்பு வேண்டுமென்றால் மூன்று விரலைக் குவித்து ஆட்ட வேண்டும். மீன் என்றால் உள்ளங்கையைப் பக்கவாட்டில் நெளிக்க வேண்டும். பால் என்றால் இடக்கை விரலை மாட்டின் காம்பாக எண்ணிக் கறந்து காட்ட வேண்டும். படிக்கும்போதே எங்கள் வீடு என் கண் முன்னே வந்தது. காலை ஆறு மணிக்கு ஊசிக்காரன் குளியலறையிலிருந்து கானா பாடுவான். அதே நேரத்தில் புடவைக்காரன் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு அடுப்பருகே சாய்த்துவைத்துவிட்டு, ஊரில் இருக்கும் தன் தாயிடம் சமையல் கேட்பான். “ஏ ராசா, புளி கரைச்சியாய்யா?” என்று அந்த அம்மாவின் குரல் மூன்று அறைகளையும் நிறைக்கும். இவற்றுக்கு நடுவில் அமர்ந்து ஒருவன் துறவைப் பற்றிக் குறிப்பெடுக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, ஒரு முழுத் தாளில் விதிகளை எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். காலை ஆறு முதல் எட்டு வரை மௌனம். தேவையானவற்றுக்குச் சைகைப் பட்டியல். ஞாயிறு காலை பத்து மணிக்குக் குற்ற மன்றம்.

ஊசிக்காரன் பல் துலக்கும் குச்சியோடு நின்று அதை முழுவதும் படித்தான்.

“இன்னா மச்சி, வூட்ட மடமா ஆக்கிட்டியா? அப்ப நீ?”

“மடத் தலைவர்.”

“யாரு வெச்சா உன்ன?”

“நார்மானிய முறையில் மடத் தலைவரைத் துறவிகள் தேர்ந்தெடுப்பது பெயருக்குத்தான். மேலேயிருந்துதான் வருவார்.”

“மேல மொட்ட மாடிதான கீது” என்றான் அவன்.

புடவைக்காரன் விதிகளைப் படித்துவிட்டு ஒன்றையே கேட்டான். “ஆறு மணிக்கு எங்கம்ம கூப்பிடுவால்லா?”

“எட்டு மணிக்குப் பேசு.”

“எட்டு மணிக்கு நான் பஸ்ல நிப்பேன்.”

“ஒரு மாதந்தான். பட்டிமன்றம் முடிந்ததும் விதி தளரும்” என்றேன். அவன் மேற்கொண்டு வாதிடவில்லை. வாதிடாதவரை ஒப்புக்கொண்டவராகக் கொள்வது என் தொழில் பழக்கம்.

முதல் மூன்று நாட்கள் வெற்றி. நான்காம் நாள் வீட்டு உரிமையாளரான மாமி கீழ்த்தளத்திலிருந்து படியேறி வந்து கதவைத் தட்டினார்.

“ஏண்டாப்பா, மூணு நாளா மாடியிலேர்ந்து ஒரு சத்தம் இல்லியே? இருக்கேளா, சொல்லாம காலி பண்ணிண்டு போயிட்டேளான்னு பார்க்க வந்தேன்.”

மணி ஏழரை. மௌன வேளை. நான் கைகூப்பிப் புன்னகைத்தேன். மாமி என் முகத்தையும், பின்னால் விரலைக் கறந்து பால் கேட்டுக்கொண்டிருந்த ஊசிக்காரனையும் பார்த்துவிட்டு, “என்ன கண்றாவியோ, நன்னா இருங்கோ” என்று இறங்கிப் போனார்.

அந்த வாரமே சிலிண்டர் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. எரிவாயு முந்தின இரவு தீர்ந்திருந்தது. இரண்டு மாடி தோளில் சுமந்துவந்த மனிதர் உருளையை வாசலில் இறக்கிவைத்து, துண்டால் முகம் துடைத்து, “நம்பர் சொல்லு நைனா” என்றார். பதிவு செய்தவரின் கைப்பேசிக்கு வரும் நான்கு இலக்க எண்ணைச் சொன்னால்தான் உருளையை உள்ளே விடுவார்கள். பதிவு புடவைக்காரன் பெயரில் இருந்தது. அவன் கைப்பேசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் குளிர்பெட்டியின் கதவைச் சுட்டிக் காட்டினேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் விதியைத் தளர்த்தியிருக்கலாம் என்று இன்று எவரும் எளிதாகச் சொல்லிவிடலாம். விதிவிலக்கு என்பது ஒழுங்கின் சுவரில் விழும் முதல் விரிசல் என்று முந்தின நாள்தான் என் உரையில் எழுதியிருந்தேன்.

“இன்னா, மூணு பேரும் ஒண்ணாப் போயி பல்லு புடுங்கிக்கினு வந்துட்டீங்களா? நம்பர் சொல்லுப்பா, கீழ வண்டி நிக்குது.”

புடவைக்காரன் விரல்களால் காட்டத் தொடங்கினான். முதலில் நான்கு விரல். பிறகு இரண்டு. மூன்றாவது எண் பூச்சியம். பூச்சியத்துக்கு விரல் ஏது? அவன் சற்று யோசித்து, கையை இறுக மூடி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“இன்னா, குத்துவியா?”

புடவைக்காரன் பதறி, இல்லை என்று தலையாட்டியபடி, இன்னும் அழுத்தமாக அதே முட்டியைக் காட்டினான். ஊசிக்காரன் உதவிக்கு வந்தான். எங்கள் பட்டியலில் மூடிய முட்டிக்குத் ‘தயிர்’ என்று பொருள். காலையில் தயிர் எதற்கு என்று குழம்பிய அவன், பாலைக் குறிக்கிறான் போலும் என்று எண்ணி, அந்த மனிதரின் முன்னே நின்று விரலைக் கறந்து காட்டினான்.

அவர் உருளையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “வயசுப் பசங்க மூணு பேரு ஒரே வூட்ல கீறாங்கன்னு அப்பவே நெனச்சேன்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு மாடியும் இறங்கினார். நாங்கள் மூவரும் படிக்கட்டின் வளைவுவரை ஓடி, வாய் திறவாமல் ஆறு கைகளையும் ஆட்டினோம். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

அடுத்து வந்த ஞாயிறு, முதல் குற்ற மன்றம். இதைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். அக்கால மடங்களில் துறவிகள் நாள்தோறும் ஒரு கூடத்தில் கூடுவார்கள். அவரவர் தம் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மறந்தால் இன்னொருவர் எழுந்து நினைவூட்டலாம். சாட்டப்பட்டவர் தமக்காக வாதாடக் கூடாது. ‘என் பிழை’ என்று சொல்லித் தரையில் விழ வேண்டும், அவ்வளவே. எங்கள் கூடத்தில் இடம் குறைவு என்பதால் தரையில் விழுவதைத் தள்ளுபடி செய்து, கைகட்டி நின்றால் போதும் என்று வைத்திருந்தேன். மறுப்புரையே இல்லாத ஒரு மன்றத்தை நான் எப்படி விரும்பினேன் என்று நண்பர்கள் பிறகு கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த விதி எனக்கும் பொருந்தும் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சிலிண்டர் போன குற்றத்தைப் புடவைக்காரன் மீது சாட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூடத்தில் இருவர் இருந்தார்கள். இருவர் என்றாலும் அது அவை. அவை என்று ஒன்று இருந்தால் என் நாக்கு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிடும்.

“மன்றத்தாரே! எண்ணிப் பாருங்கள். கடையில் இருக்கும் அத்தனை பட்டுப்புடவைக்கும் விலை சொல்லும் தலை இது. ரசத்துக்கு எட்டுப் பல் பூண்டு என்பது இந்தத் தலையில் நிற்கவில்லை. போன மாதமும் கேட்டான், போன வாரமும் கேட்டான், விதி தளர்ந்தால் நாளையும் கேட்பான். இருபத்தேழு வயது ஆண்மகன் உப்புப் போட ஊருக்குத் தொலைபேசி போடுகிறான். அந்த முனையிலிருந்து உத்தரவு வருகிறது...” இங்கே நான் குரலை மாற்றினேன். அந்த அம்மாவின் இழுவையை, ‘ராசா’வில் விழும் அந்த வளைவை, அப்படியே கொண்டுவந்தேன். “ஏ ராசாஆ, புளி கரைச்சியாய்யா?”

ஊசிக்காரன் சிரித்துவிட்டான். சிரிக்கக் கூடாது என்று கையால் வாயைப் பொத்தியபடியே சிரித்தான். குரல் அத்தனை துல்லியமாக வந்திருந்தது. நான் புடவைக்காரனைப் பார்த்தேன். அவன் கைகட்டி நின்றிருந்தான். அவனுக்குப் பேச உரிமை இல்லை.

“என் பிழை” என்றான்.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மதியம் திரும்பிவந்து எங்களிடம் சொன்னான்: “திருவல்லிக்கேணியில ஒரு மேன்சன்ல எடம் பாத்துட்டேன். ஒண்ணாந்தேதி போறேன்.”

ஒன்றாம் தேதிக்கு மூன்று வாரங்கள் இருந்தன.

மாற்று உருளை வந்த பிறகு அவன் வழக்கம்போலச் சமைத்தான். உப்பு, புளி, காரம் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அடுப்பருகே கைப்பேசி இல்லை. ஆறு மணிக்கு அது வேறோர் அறையில் தலையணைக்கு அடியில் அதிரும்; அவன் போய் எடுக்க மாட்டான். மௌன விதியை அந்த வீட்டில் அவன் அளவுக்கு முழுமையாகக் கடைப்பிடித்தவர் எவரும் இல்லை. எட்டு மணிக்கு மேலும் கடைப்பிடித்தான்.

ஒரு மாலை, நானும் ஊசிக்காரனும் குளக்கரைக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். “ஒரு நகைச்சுவையைப் பொறுத்துக்கொள்ள முடியாதா? சமையல் தெரியாதவனைத் தெரியாதவன் என்றுதானே சொன்னேன்?”

ஊசிக்காரன் கோப்பையைக் கீழே வைத்தான். “யாரு, அவனுக்கா சமைக்கத் தெரியாது? அவன் ஊர்ல கல்யாண வூட்டுக்கே ஆக்கிப் போட்டவன்டா.”

“பிறகு ஏன் தினமும் கேட்கிறான்?”

“அவங்கப்பா தவறினதுலேர்ந்து அந்தம்மா தனியாக் கீது. போன் போட்டா ‘சாப்டியா, தூங்கினியா’ன்னு ரெண்டு வார்த்த. அப்புறம் பேச ஒண்ணும் இல்லாம அழுவுமாம். அதுக்கோசரம் இவன் ரசம் எப்டின்னு கேப்பான். அந்தம்மா அர மணி நேரம் சொல்லிக்கினு இருக்கும், அழுவாது. எனக்கே, நான் ஒரு தபா கேட்டப்பதான் சொன்னான்.”

“இதை ஏன் நீ எனக்குச் சொல்லவில்லை?”

“நீ எங்க மச்சி கேட்ட? நீதான் பேசிக்கினே இருப்பியே.”

மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். அதைச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்றும் முடிவு செய்தேன். தவறு அங்கேதான் நிகழ்ந்தது. மறுநாள் அவன் வேலையிலிருந்து வந்ததும் அவன் எதிரே நின்று, “நண்பா, சொல் என்பது வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது. எய்தவனே நினைத்தாலும் அதைத் திரும்ப அழைக்க இயலாது. அதே வேளையில், எய்தவனின் நோக்கத்தையும் நாம் கருத்தில்...” என்று தொடங்கினேன்.

அவன் காலுறையைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தான். “முடிஞ்சதும் சொல்லுல. கை தட்டுதேன்.”

இரண்டாம் முறை சுருக்கமாக முயன்றேன். ஆயினும் பாதியில் ‘முதலாவதாக’ என்ற சொல் எப்படியோ நுழைந்துவிட்டது. அவன் எழுந்து துணி உலர்த்தப் போய்விட்டான். மூன்றாம் முறை கடிதமாக எழுதினேன். ஊசிக்காரன் அதைப் படித்துப் பார்த்து, “நல்லாக் கீது மச்சி. கோர்ட்டுல குடுக்கலாம்” என்றான். கிழித்துப் போட்டேன். பட்டிமன்றம் ஒரு சனிக்கிழமையில் வந்தது. மறுநாள் ஒன்றாம் தேதி.

அரங்கு நிறைந்திருந்தது. ‘நார்மல்’ என்ற எழுத்துப்பிழை திருத்தப்படாமலே மேடைப் பதாகை வரை வந்துவிட்டது. எதிரணியில் இளம் வழக்கறிஞர் ஒருவர் பேசினார். ஒரு மடத்தில் நார்மானியத் தலைவர் பழைய பாட்டு முறையை மாற்றச் சொன்ன கதையை எடுத்தார். துறவிகள் மறுத்தார்கள், தலைவர் ஆயுதம் தாங்கியவர்களைத் திருக்கோவிலுக்குள்ளேயே அனுப்பினார், பலிபீடத்தருகே ஒளிந்த துறவிகள்மீது அம்புகள் பாய்ந்தன. “புதிய பாட்டு இனிமையாகவே இருந்திருக்கலாம், நடுவர் அவர்களே! ஆனால் பழைய பாட்டை அவர்களுக்குக் கற்றுத் தந்தவர்கள் இறந்துபோயிருந்தார்கள். அதைப் பாடும்போதுதான் அவர்கள் மறுபடியும் பக்கத்தில் நின்றார்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தத் தலைவருக்கு ஒரு நாழிகை ஆகியிருக்காது” என்றார்.

அவருக்குக் கைதட்டல் வந்தது. நான் எழுந்தேன். என் மறுப்புரை என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு மாதமாகத் தீட்டி வைத்தது. ஒரு மடத்தின் கலகத்தைக் காட்டி ஒரு நாட்டின் ஒழுங்கைக் குறை சொல்லலாமா என்று கேட்டேன். ஒரு தறியில் இழை அறுந்ததற்காக நெசவையே பழிக்கலாமா என்று கேட்டேன். கைதட்டல் எதிரணிக்கு வந்ததைவிட நீண்டது, நான் அளந்தேன். தண்ணீர் குடிக்கக் குவளையை எடுத்தபோது எதிரணி சொன்ன அந்த ‘ஒரு நாழிகை’ நினைவுக்கு வந்தது. தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

நடுவர் எங்கள் அணிக்கே தீர்ப்பளித்தார். “நார்மல் ஆட்சியில் எல்லாம் நார்மலாகத்தான் நடந்திருக்கு” என்று அவர் முடிக்கவும் அரங்கம் எழுந்து நின்றது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. புடவைக்காரன் கூடத்தின் நடுவில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். புடவை மடிக்கும் கை. ஒவ்வொரு சட்டையும் கடையில் வாங்கியது போல ஆயிற்று. ஊசிக்காரன் சன்னலோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜெயிச்சியால?” என்றான் புடவைக்காரன், நிமிராமல்.

“ஜெயித்தேன்.”

“பெறகென்ன.”

எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதுவே என் இக்கட்டு. நான் வாயைத் திறந்தால் முன்னுரை வரும். முன்னுரை வந்தால் அவன் துணி உலர்த்தப் போய்விடுவான். உலகத்தில் எனக்குப் பேச அனுமதி இல்லாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை நானே கட்டியிருந்தேன்.

“குற்ற மன்றம் கூட்ட வேண்டும்” என்றேன்.

“இன்னிக்கி சனிக்கெழமைடா” என்றான் ஊசிக்காரன்.

“சிறப்புக் கூட்டம். சாட்டப்படுபவன் நான். சாட்டுபவன் அவன்.”

பொன்னாடையைக் கழற்றி வைத்தேன். கைகட்டி நிற்கும் சலுகையை எனக்கு நானே நீக்கிக்கொண்டு, பழைய முறைப்படி, நெற்றி தரையில் படக் குப்புற விழுந்தேன். எங்கள் கூடம் எத்தனை நாளாகப் பெருக்கப்படவில்லை என்பது அந்த உயரத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது.

பிறகு சட்டை மடிக்கும் ஓசை நின்றது.

“பாத்ரூம்ல நின்னுகிட்டுப் பேசிப் பழகுதான். நான் கடைக்குப் பிந்திப்போய் சூப்பர்வைசர்ட்ட ஏச்சு வாங்குதேன்” என்றான் புடவைக்காரன்.

“என் பிழை.”

“சாப்பிடுத தட்டக் கழுவ மாட்டான். கேட்டா, கழுவுததப் பத்திப் பேசுவான்.”

“என் பிழை.”

“எங்கம்ம கொரல வச்சு வெளையாடினான்.”

இதற்கு இரண்டு முறை இருமினேன். தரைக்கும் வாய்க்கும் இடையில் தூசி இருந்தது. அதனால் என்று வைத்துக்கொள்ளலாம்.

“என் பிழை.”

“ஊர்லேர்ந்து அம்ம குடுத்துவிட்ட கருப்பட்டி மிட்டாய், ஒரு டப்பா முழுக்க, கேக்காமத் தின்னு தீத்தான்.”

இது பொய். நான் அந்த டப்பாவைத் தொட்டதே இல்லை. கருப்பட்டி எனக்கு ஒவ்வாது. பத்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வாது. சான்று காட்ட முடியும். அது தீர்ந்த வாரத்தில் நான் மதுரையில் ஒரு மேடையில் இருந்தேன். அதற்குப் பேருந்துச் சீட்டு உண்டு. சாட்சி, சான்று, முரண்பாடு என மூன்று படிகளில் மறுப்புரை தானாகவே எழுந்து, தொண்டைவரை வந்து, பல்லுக்குப் பின்னால் நின்றது. என் வாழ்நாளில் அதைவிடப் பழுதற்ற மறுப்புரை எனக்கு அமைந்ததில்லை. கால் கட்டைவிரல்கள் தரையைப் பிறாண்டின.

“என் பிழை” என்றேன்.

சன்னலோரத்திலிருந்து ஊசிக்காரனின் சிரிப்பு வெடித்தது. “டேய், நீதானடா அத்தத் தின்ன! நான் பாத்தேனே!”

“நாந்தான் தின்னேன். ஒரு தடவையாவது இவன் வாய மூடுதானான்னு பாத்தேன்” என்றான் புடவைக்காரன். அவன் குரலில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. என் முகம் தரையில் இருந்தது.

அவன் கால்கள் என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போயின. தண்ணீர் ஓடியது. அடுப்பு பற்றியது.

“அப்ப பொட்டி?” என்று கேட்டான் ஊசிக்காரன்.

“கெடக்கட்டும். அந்த மேன்சன்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாதாம். ரசம் இல்லாம மனுசன் எப்படி இருப்பான்?”

நான் எழவில்லை. சாட்டப்பட்டவன் மடத் தலைவர் ‘எழு’ என்று சொல்லும்வரை கிடக்க வேண்டும் என்பது விதி. மடத் தலைவர் நானாக இருந்தேன். எனக்கோ பேசும் உரிமை இல்லை. இப்படியொரு சிக்கலை அந்த நார்மானியர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று நான் படித்த நூல் எதிலும் இல்லை. ஊசிக்காரன் தண்ணீர் குடிக்கப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் என்னைத் தாண்டினான். பூண்டு நசுங்கும் மணம் வந்தது. பிறகு ஒரு கைப்பேசி ஒலிபெருக்கியில் ஒலித்தது.

“அம்மா, ரசத்துக்கு எத்தன பல்லு பூண்டு?”

“ஏ ராசா! என்னய்யா, இத்தன நாளா ஆளக் காணும்?” என்று தொடங்கிய அந்தக் குரல், எட்டுப் பல் என்று சொல்லி, அதற்கு முன் மிளகு, அதற்கு முன் சீரகம் என்று பின்னோக்கிப் போய், சந்தையில் புளி வாங்கிய கதைவரை சென்றது. புளி நுரைத்துப் பொங்கும்வரை அந்த அம்மா நிறுத்தவில்லை. நடுவில் ஓரிடத்தில் கேட்டார்: “என்னய்யா, உங்க வீட்ல ஒரு சத்தமும் இல்லையே? அந்தப் பேசுத பையன் இல்லையா?”

“இருக்கான்மா. தரையில கெடக்கான்.”

“ஐயோ, மேலுக்குச் சொகமில்லையா?”

“இல்லம்மா. இன்னைக்குத்தான் சொகமா இருக்கான்.”

“சாப்பிட்டானாய்யா?”

சமையலறை வாசலில் கரண்டியோடு அவன் நிழல் விழுந்தது. காலால் என் தோளை லேசாகத் தள்ளினான்.

“எந்திரில. அம்ம கேக்கா.”

எழுந்தேன். நெற்றியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டு, கைப்பேசிக்கு அருகே குனிந்து, “இல்லை அம்மா, இனிமேல்தான்” என்றேன். மூன்றே சொற்கள்.